வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த சுயாதீனப் பாடகர் யாரேனும் உண்டா? அவருடைய இசை காலப்போக்கில் எப்படி மாறியிருக்கிறது?

உண்டு. ‘தெருக்குரல்’ அறிவு என்று பலரும் அழைக்கும் அறிவரசு கலைநேசன் அரக்கோணத்துக்காரர். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகும் வரை அரக்கோணம் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் வடாற்காடுதான். ஒப்பாரியும் பம்பையும் கேட்டு இதே பக்கத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் திடமான ஒரு கருத்து உண்டு. மேடையேறி வாதாடிய அவருடைய குரல், சில ஆண்டுகளுக்குள் இழவு வீட்டுப் பெண்களின் குரலைத் தனதாக்கிக்கொண்டது. அதன் பிறகே அந்த வாதம் முழு வலிமை பெற்றது.

கவிதை எழுதிக்கொண்டிருந்த இளைஞராகத்தான் அவர், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவுக்கு வந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த அக்குழுவின் முதல் நிகழ்ச்சியில் பறையும் கிட்டாரும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் கல்லூரி மாணவர்கள் பெட்டியின் சுவரைத் தட்டியபடியே கானா பாடுவதைக் கேட்டவர்களுக்கு, அறிவின் சொற்கள் தாளத்தின் மீது விழும் விதம் புதிதாகத் தோன்றாது. வல்லின இரட்டிப்பு வரும் இடங்களில் அவர் கூடுதல் அழுத்தம் கொடுப்பதால், தமிழின் ஒற்றெழுத்தே ஒரு தாளக் கருவியாகிவிடுகிறது.

2019இல் ஆஃப்ரோ என்னும் இசைத் தயாரிப்பாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பு அந்த முதற்கட்டத்தின் உச்சம். அதில் பின்னணி பெரும்பாலும் மின்னணு ஹிப்ஹாப்தான். கனத்த பேஸ், அதற்கு மேல் இடைவெளி விடாத சொற்கள். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த இளம்பெண் ஸ்னோலினின் பெயரிலேயே அவர் ஒரு பாடல் செய்திருக்கிறார். அந்தக் காலத்துப் பாடல்களைக் கேட்கும்போது வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்தில் சான்றுகளை அடுக்கும் வேகம் தெரியும். எனக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனாலும் அவற்றில் குரல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரைப்படப் பாடல்களை விரைவாகவே கடந்துவிடலாம். ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ அவருடைய பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது உண்மை. அவருடைய இசை திசை திரும்பியது அங்கே அல்ல.

அது திரும்பியது 2021 மார்ச்சில், பாடகி தீயோடு இணைந்து, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யில். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவானது. தலைமுறைகளாகத் தோட்டத்தைக் காடு வெட்டி உருவாக்கியவர்கள், ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லாமல் கப்பலேறினார்கள். இந்த வரலாற்றை அறிவு கட்டுரையாகச் சொல்லாமல், முன்னோரையும் நிலத்தையும் பறவை விலங்குகளையும் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டாக ஆக்கினார்.

இந்த அழைப்புமுறை எங்கிருந்து வந்தது என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாலாஜா பக்கத்தில் இருக்கும் என் அத்தை இழவு வீடுகளில் முதலில் ஒப்பாரி எடுப்பவர். தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காரும் பெண்களுக்கு நடுவே அவர் ஓர் அடியைப் பாடி, அதன் கடைசி உயிரெழுத்தை இழுத்து, மூச்சு உடையும் இடத்தில் விட்டுவிடுவார். மற்றவர்கள் அதே இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். போனவர் நட்ட மரம், வளர்த்த மாடு, கட்டிய வீடு எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசைக்கு நடுவிலேயே, உயிரோடு இருந்தபோது அவருக்குச் சோறு போடாத மகனைப் பற்றியும் பங்கைப் பிடுங்கிக்கொண்ட பங்காளியைப் பற்றியும் இரண்டு அடி வந்து விழும், அவர்கள் எதிரிலேயே. வேறு எந்த இடத்திலும் வாய் திறக்க முடியாத பெண் அங்கே குற்றம் சாட்டலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அறிவு தன் பாட்டியிடமிருந்து பெற்றது இந்த உரிமையையும் சேர்த்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே, அவர் மென்மையாகிவிட்டார் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அந்தப் பாடலின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் பின்னர் வெளிப்படையான கருத்து வேறுபாடு எழுந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே அது பாடப்பட்டபோது, தன் உழைப்பைப் பற்றி அவர் பொதுவெளியில் எழுதினார். பாட்டியின் வாழ்க்கையிலிருந்து வந்த ஒரு பாட்டில் பேரனின் முகம் மறைவது எங்கள் பக்கத்தவர் பலரையும் உறுத்தியது, என்னையும்தான்.

அதன் பிறகு வந்தவற்றில் பாடும் குரலுக்கு இடம் கூடியிருக்கிறது. பாடகி கதீஜா ரஹ்மானோடு ‘கோக் ஸ்டுடியோ தமிழ்’ இசை நிகழ்ச்சியில் 2023இல் பாடிய ‘சகவாசி’யில் ராப்பும் மெட்டும் ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன. 2024இல் வெளிவந்த ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பில் பாட்டியின் பெயரே தலைப்பாகிவிட்டது.

புதிதாகக் கேட்பவர்கள் ‘என்ஜாய் எஞ்சாமி’யை முதலில் வைக்காமல், ‘தெருக்குரல்’ தொகுப்பை முழுவதும் கேட்டுவிட்டு அதற்கு வாருங்கள். வரியின் முடிவில் குரல் வெட்டப்படுகிறதா, இழுக்கப்படுகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். பிறகு ‘வள்ளியம்மா பேராண்டி’க்குப் போகலாம்.