பேட்டரியை மாற்றும் முன் இரவுச் சுமையைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் மலைக்கிராமப் பள்ளியின் சோலார் அமைப்பில் 20 வாட் தெருவிளக்குகள் பதினைந்தையும் இணைத்த பிறகு, காலை பத்து மணிக்கே கணினிகள் அணைந்துவிடுவதாகவும், கூடுதலாக ஒரு புதிய பேட்டரி சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சேர்க்க வேண்டாம், பழைய பேட்டரிகளோடு இணையும் புதியதும் விரைவில் கெட்டுவிடும். உங்களிடமுள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கின் மொத்தக் கொள்ளளவு 7.2 யூனிட் என்றாலும், ஈய-அமில வகையைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், நம்பிப் பயன்படுத்தக்கூடியது 3.6 யூனிட்தான். அந்தப் பதினைந்து விளக்குகளும் 12 மணி நேரம் எரிந்தால் சரியாக அதே 3.6 யூனிட் செலவாகிறது. பள்ளி மணி அடிக்கும்போது கையிருப்பு ஏறக்குறைய இல்லை.

விடியும் முன் சுமைகளைத் துண்டித்துச் சிறிது நேரம் கழித்து ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நான்கும் 12.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இரவுச் செலவே காரணம். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அதுவே பழுதானது. விளக்குகளுக்கு ஒரு டைமர் பொருத்தி இரவு பத்து மணிக்குமேல் பாதியை அணைப்பதே மலிவான வழி, ஊராரைச் சம்மதிக்க வைப்பதுதான் சற்றுக் கடினம்.