யுரேனியக் கழிவு மேட்டில் தூசி பறக்காமல் எப்படித் தடுக்கிறார்கள்?

யுரேனியத் தாதுவை மாவாக அரைத்து, ரசாயனத்தில் கரைத்து யுரேனியத்தைப் பிரித்தபின் மிஞ்சும் நைந்த மணல்தான் இந்தக் கழிவு. யுரேனியம் போய்விட்டாலும் ரேடியம், தோரியம் எல்லாம் அதிலேயே தங்கிவிடும். தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம்! காய்ந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். மூச்சோடு உள்ளே போகும் பொடித்தூசி நுரையீரலில் படிந்துவிடும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊருக்கருகே, கொலராடோ ஆற்றங்கரையிலேயே 1.6 கோடி டன் குவிந்து கிடந்தது. (அங்கே போய்க் கொட்டத் தோன்றியதே, அது தனிக்கதை.) 2009 முதல் அதைத் தோண்டி, மூடி போட்ட பெட்டிகளில் ரயிலேற்றி, சுமார் 50 கி.மீ. வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள்.

தோண்டினால் தூசி கிளம்பாதா? கிளம்பும். அதனால்தான் தண்ணீர் லாரி. நாம் வாசல் தெளித்துவிட்டுப் பெருக்குகிறோமே, அதே சங்கதி: ஈரம் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துவிடும், காற்றால் தூக்க முடியாது. ஆனால் பாலைவன வெயிலில் ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? ஆகவே இதுபோன்ற இடங்களில் பசை மாதிரி ஒரு கரைசலையும் தெளிப்பதுண்டு. சாணி மெழுகிய களம்போல மேலே மெல்லிய ஓடு கட்டிக்கொள்ளும். லாரிச் சக்கரம் ஏறினால் அது உடையும்; மறுபடி தெளிக்க வேண்டியதுதான். நிரந்தர வழி, புதைத்த இடத்தில் மண்ணும் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவது.

தண்ணீர் தெளித்தால் கதிரியக்கம் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். துளியும் குறையாது, தூசி கிளம்பாமல் கிடக்கும், அவ்வளவுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.