திரும்பும்போது நின்றுபோகும் மடிப்புப் படகு: சுக்கானை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பழைய எஃப்-27 மடிப்பு டிரைமரன் (நடு உடலும் இருபக்கம் மடியும் மிதவைகளும் கொண்ட பாய்மரப் படகு) வாங்கினேன். எதிர்க்காற்றில் மறுபக்கம் திருப்பினால் பாதியில் நின்று பின்னால் நழுவுகிறது. விற்றுக்கொடுத்த தரகர், பெரிய சுக்கானும் புது முன்பாயும் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். இயன் ஃபேரியர் வடிவமைத்து, உங்கள் பக்கத்து சூலா விஸ்டாவில் கோர்செயர் கம்பெனி 1985 முதல் கட்டிய படகு இது. போட்ட சுக்கானிலேயே ஒழுங்காகத் திரும்பும். தரகருக்குக் கமிஷன் படகோடு முடிவதில்லை, உதிரிபாகத்திலும் உண்டு.

கோளாறு எடையில் இருக்கிறது. உங்கள் படகு சுமார் 1,200 கிலோ. அதே நீளத்தில், அடியில் ஈயம் தொங்கும் படகு மூன்று டன் வரும். பாயில் காற்று விட்டாலும் அது ஓடிய ஓட்டத்திலேயே திரும்பிவிடும். உங்களுடையது சில விநாடியில் நின்றுவிடும். பயிற்சிப் பள்ளிகளோ பெரும்பாலும் கனத்த படகில்தான் கற்றுத்தருகின்றன: "டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) ஒரேயடியாகத் தள்ளு, முன்பாயை உடனே அவிழ்." உங்கள் படகில் இரண்டுமே தப்பு.

முதலில் சுக்கான் பலகையைப் பாருங்கள். தரை தட்டினால் மேலே மடங்கும்படி செய்தது அது. கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் பலகை பின்னோக்கிச் சாய்ந்துவிடும், டில்லர் கல்லாய்க் கனக்கும். "சுக்கான் போதவில்லை" என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் நடுப்பலகையும் முழுக்க இறங்கியிருக்கட்டும்.

பிறகு, திருப்புவதற்கு முன் காற்றைவிட்டுச் சற்றே விலகி வேகம் கூட்டுங்கள். டில்லரை நிதானமாகத் தள்ளுங்கள். சட்டென்று தள்ளினால் சுக்கானே பிரேக் ஆகிவிடும். முன்பாயை அவிழ்க்காமல் பிடித்திருங்கள். காற்று அதன் மறுபுறம் அடித்து அணியத்தை (படகின் முன்முனையை) தள்ளிய பின் விடுங்கள். திரும்பியதும் பெரிய பாயைச் சற்றுத் தளர்த்தி, வேகம் பிடித்த பிறகே காற்றை நோக்கி ஏறுங்கள்.

அப்படியும் நின்று பின்னால் போகிறதா? பெரிய பாயை அவிழ்த்துவிட்டு, அணியம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே டில்லரைத் தள்ளுங்கள். முன்பாயை அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள்.

காற்று திடீரென வீறினால் பாய்க்கயிற்றைத் தளர்த்திக் காற்றை நோக்கித் திருப்பு என்பார்கள். எதிர்க்காற்றில் சரி. காற்று பின்பக்கமாக வரும்போது செய்யவே கூடாது. அப்போது காற்றை நோக்கித் திருப்பினால் பாயில் அழுத்தம் கூடும், ஓட்டத்தின் விசையும் அதே பக்கம் சாய்க்கும், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள மிதவையின் மூக்கு தண்ணீரில் புதையும். டிரைமரன் கவிழ்ந்தால் தானாக நிமிராது. எனவே முன்பாய்க்கயிற்றை முதலில் விட்டு, காற்றோடு விலகுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பாய்மர உச்சியில் உள்ள காட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். படகு வேகமாக ஓடும்போது, பின்னால் வரும் காற்றையும் அது பக்கக் காற்றாகக் காட்டும். தண்ணீர் மேல் ஓடும் சிற்றலையைப் பாருங்கள், அதுதான் நிஜக் காற்று. பெரிய பாயின் கயிறு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இதையெல்லாம் எந்த அதிகாரி கேட்கிறார்? எஞ்சின் வைத்த படகை ஓட்டத் தேவையான கலிபோர்னியா படகோட்டி அட்டைக்குக் கணினியில் விடை தட்டினால் போதும், வாழ்நாள் முழுக்கச் செல்லும். தண்ணீரில் ஒரு திருப்பம்கூடச் செய்துகாட்ட வேண்டியதில்லை.

"ஒரு நிமிடத்தில் மடிக்கலாம்" என்றும் அந்தத் தரகர் சொல்லியிருப்பார். மிதவையை மடிக்கும் நேரம் மட்டும்தான் அது. எல்லாப் பாயையும் இறக்கி, எஞ்சினில் ஓடி, அமைதியான தண்ணீரில் மடியுங்கள். விரித்தால் கிட்டத்தட்ட 5.8 மீட்டர் அகலம், மடித்தால் 2.6 மீட்டருக்கும் குறைவு. மடித்த நிலையில் பாய் விரிக்கவே கூடாது. எஞ்சினில் துறைக்குள் வரும்போது ஆழம் இருந்தால் நடுப்பலகையை இறக்கியே வையுங்கள். இல்லாவிட்டால் பக்கக் காற்றில் படகு இலை மாதிரி நழுவி அடுத்தவர் படகில் மோதும். விரித்ததும் நான்கு போல்ட்டையும் இறுக்கி, கொஞ்ச நேரம் ஓடிய பின் மறுபடி பாருங்கள். தளர்ந்த போல்ட், மிதவையைத் தாங்கும் கை படகோடு இணையும் குழியையே தேய்த்துவிடும். வாரக்கணக்கில் மடித்தபடி தண்ணீரில் கட்டிப்போடாதீர்கள். மிதவை ஒருக்களித்துக் கிடப்பதால், பாசி தடுக்கும் பெயின்ட் இல்லாத பக்கவாட்டில் பாசியும் சிப்பியும் ஏறிவிடும்.