லாபம் இருக்கிறது, ரொக்கம் இல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணிக மேலாண்மையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த ஆண்டு சிறப்புப் பாடம் எடுக்க வேண்டும். ‘சிறுதொழில் மேலாண்மையும் தொழில்முனைவும்’ என்ற பிரிவில் சேர ஆசை. சொந்தமாகப் பட்டறை நடத்தும் என் மாமா, “தொழில் நடத்தப் பட்டம் எதற்கு? கல்லாவில் உட்கார்ந்தால் தானாக வரும்” என்கிறார். சென்ற பருவத்தில் பிசினஸ் பிளான் போட்டியில் எங்கள் குழுவுக்குப் பரிசு கிடைத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஸ்லைடு போடக் கற்றுக்கொண்டதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. தொழில்முனைவை வகுப்பில் கற்க முடியுமா? எந்தத் தாள்களை ஊன்றிப் படிக்க வேண்டும்? இறுதியாண்டுத் திட்டப்பணிக்குப் புது யோசனை ஒன்றை எடுப்பதா, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சிறு நிறுவனத்தை எடுப்பதா?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பிரிவையே எடுங்கள். மாமா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பேரம் பேசுவது, வேலையாளைக் கண்டிப்பது, கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் படிப்பது இவையெல்லாம் வகுப்பில் வராது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து கற்பவர் ஒவ்வொரு பாடத்துக்கும் சொந்தப் பணத்தைக் கட்டணமாகக் கட்டுகிறார். சில பாடங்களுக்கான கட்டணம் முழு முதலையும் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட பாடங்களை முன்கூட்டியே காகிதத்தில் போட்டுப் பார்க்க ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுக்கிறது. பட்டத்தின் பயன் முக்கியமாக அங்கேதான் இருக்கிறது.

கற்பிக்க முடியுமா என்ற கேள்வி பழையது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1947-இல் மைல்ஸ் மேஸ் புதிய நிறுவனங்களை நடத்துவது பற்றி ஒரு பாடத்தைத் தொடங்கியபோது 188 மாணவர்கள் சேர்ந்தார்கள். இத்துறையின் முதல் பல்கலைக்கழகப் பாடம் என்று பொதுவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். உங்கள் கோட்பாட்டுத் தாளில் ஷும்பீட்டர், கிர்ஸ்னர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் கட்டாயம் வருவார்கள். இருக்கும் பொருள்களையும் முறைகளையும் புதிதாக இணைத்துப் பழைய ஒழுங்கைக் குலைப்பவர் தொழில்முனைவர் என்றார் ஷும்பீட்டர். சந்தையில் மற்றவர் கவனிக்காமல் விட்ட விலை இடைவெளியைக் கண்டுகொள்பவர் என்றார் கிர்ஸ்னர். தேர்வில் இருவரையும் ஒப்பிடச் சொல்வார்கள், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தருபவர் தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி. அனுபவமுள்ள 27 தொழில்முனைவர்களிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, முடிவெடுக்கும்போது மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். அதிலிருந்து பிறந்த அவருடைய கட்டுரை 2001-இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் ‘எவ்வளவு லாபம் வரும்’ என்று கணக்கிட்டுத் தொடங்கவில்லை. ‘என்னிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு போனால் தாங்குவேன்’ என்பதிலிருந்து தொடங்கினார்கள். இது பிறவிக் குணமாகவே இருக்க வேண்டியதில்லை, பழகிக்கொள்ளக்கூடிய ஒரு சிந்தனை முறை. எந்த யோசனையை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ‘இழந்தாலும் பரவாயில்லை’ என்ற தொகையை எழுதிவிட்டு மேலே போங்கள். பணத்தோடு எத்தனை மாதங்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிரிவின் பெயரிலேயே இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்குவது ஒன்று, நடப்பதைச் சரியாக நடத்துவது இன்னொன்று. பாடத்திட்டங்கள் பெரும்பாலும் முதலாவதன் பளபளப்பில் மயங்கி இரண்டாவதைச் சுருக்கிவிடுகின்றன. சிறு நிறுவனம் என்பது பெரிய நிறுவனத்தின் சிறிய பிரதி இல்லை என்று சிறுதொழிலை ஆராய்ந்த வெல்ஷ், ஒயிட் இருவரும் 1981-இலேயே எழுதிவிட்டார்கள். பெரிய நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளர் பணம் தர இரண்டு மாதம் தாமதித்தால் அது அறிக்கையில் ஒரு வரி. சிறு நிறுவனத்தில் அதே தாமதம் அந்த மாதச் சம்பளத்தையே நிறுத்திவிடும். கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. முதலாளி தனக்குச் சம்பளம் எழுதிக்கொள்ளாமல், சொந்தக் கட்டடத்துக்கு வாடகையும் போடாமல் ‘லாபம்’ காட்டியிருப்பார். அதே வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன சம்பளமோ அதையும், அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் என்ன வருமோ அதையும் கழித்துப் பாருங்கள். பல நிறுவனங்களில் லாபம் என்று நினைத்தது முதலாளியின் கூலிதான் என்று தெரியவரும்.

தாள்களில் முதலிடம் கணக்கியலுக்கும், அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணமான நடைமுறை மூலதனத்துக்கும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு நிறுவனம் முதல் மாதம் 100-க்கு விற்கிறது. எந்த நாட்டுப் பணமானாலும் சரி. விற்பனை மாதாமாதம் 50 சதவீதம் கூடுகிறது. அடக்கச் செலவு விற்பனையில் 80 சதவீதம், அதை அந்தந்த மாதமே கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து பணம் இரண்டு மாதம் கழித்து வரும். விற்பனை 100, 150, 225, 337.50 என்று ஏறுகிறது. செலவு 80, 120, 180, 270. நான்கு மாத லாபம் 162.50, பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது ரொக்கத்தைப் பாருங்கள். முதல் மாதம் 80 வெளியே போனது, ஒன்றும் வரவில்லை. இரண்டாம் மாத முடிவில் பற்றாக்குறை 200. மூன்றாம் மாதம் 100 வருகிறது, 180 போகிறது, பற்றாக்குறை 280. நான்காம் மாதம் 150 வருகிறது, 270 போகிறது, பற்றாக்குறை 400. ஏட்டில் 162.50 லாபம், கையில் 400 கடன், வெளியே 562.50 பாக்கி. பாக்கியிலிருந்து கடனைக் கழித்தால் அதே 162.50 வரும். கணக்கில் பிழையே இல்லை, ஆனாலும் ஐந்தாம் மாதம் சரக்கு வாங்கக் காசில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே நிறுவனங்கள் மூடப்படுவது இப்படித்தான். பரிசு வாங்கிய உங்கள் பிளானை எடுத்து, விற்பனை வரிசையைக் கூட்டாமல், பணம் கைக்கு வரும் தேதியை மட்டும் 60 நாள் தள்ளிப்போட்டுப் பாருங்கள். நடுவர்கள் கேட்காத கேள்வி அங்கே எழுந்து நிற்கும்.

இதையே நாள்கணக்கிலும் போடலாம். சரக்கு இருப்பில் கிடக்கும் நாள் 40, பாக்கி வசூலாக 45 நாள், நமக்குச் சரக்கு தருபவர் தரும் தவணை 15 நாள். 40-உம் 45-உம் சேர்த்து 15-ஐக் கழித்தால் 70 நாள். ஒரு நாள் அடக்கச் செலவு 2,000 என்றால் ஏறத்தாழ 1,40,000 எப்போதும் தொழிலுக்குள் முடங்கிக் கிடக்கும். விற்பனை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். கடன் வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்று எண்களில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பது மலிவான வழி. பெரும்பாலும் சரக்கு இருப்பில்தான் இடம் இருக்கும், ஏனென்றால் அது நம் கையில் உள்ளது. வசூல் அடுத்தவர் கையில் உள்ளது.

விலை நிர்ணயத்தில் ஒரு கணக்கு. விலை 50, ஒவ்வொரு பொருளோடும் கூடும் மாறும் செலவு பொருளுக்கு 30, விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் நிலைச்செலவு மாதம் 40,000. ஒரு பொருள் தரும் மிச்சம் 20, ஆகவே 2,000 பொருள் விற்றால் முதலுக்கு மோசமில்லை. விற்பனையைக் கூட்ட 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறோம். விலை 45, மிச்சம் 15. இப்போது 2,667 பொருள் விற்க வேண்டும். விலை பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கிறது, அதுவும் நிலைச்செலவு கூடாமல் இருந்தால். தள்ளுபடியைத் துணிந்து கொடுப்பவர்கள் பலர் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

சந்தை ஆய்வுத் தாளில் மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது கேள்வியில். நண்பர்கள் நூறு பேருக்கு இணையப் படிவம் அனுப்பி, ‘இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா’ என்று கேட்பார்கள். எண்பது பேர் ஆம் என்பார்கள். ஆம் என்று சொல்ல அவர்களுக்குச் செலவு எதுவும் இல்லை. எதிர்காலத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு செலவாயிற்று? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லையென்றால் சிக்கல் அவ்வளவாக வலிக்கவில்லை என்று பொருள். ஒரே வகை வாடிக்கையாளர் பத்துப் பதினைந்து பேரிடம் நேரில் பேசினாலே பதில்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். பேச்சின் முடிவில் சிறு முன்பணமோ, மாதிரியைச் சோதிக்க ஒரு தேதியோ கேளுங்கள். அங்கே தயங்குபவரை வாடிக்கையாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒப்பந்தச் சட்டம், வரி, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றை விருப்பப்பாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்லைடு போடுவதும் மேடையில் பேசுவதும் பயனுள்ள திறமைதான், அதற்கு ஒரு பருவம் போதும்.

திட்டப்பணிக்கு நடந்துகொண்டிருக்கும் நிறுவனத்தையே எடுங்கள். புது யோசனையில் எண்கள் எல்லாம் உங்கள் ஊகம், தவறினாலும் யாரும் திருத்த மாட்டார்கள். நடக்கும் தொழிலில் ஒவ்வொரு வாரமும் நிஜம் உங்களைத் திருத்தும். மாமாவின் பட்டறையே கிடைத்தால் நல்லது, உறவு என்பதால் கணக்கை மறைக்காமல் காட்டுவாரா என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை: கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, யார் எவ்வளவு எத்தனை நாளாகத் தர வேண்டும் என்ற பாக்கிப் பட்டியல், நாம் தர வேண்டியவற்றின் பட்டியல், சரக்கு இருப்பு, கடன் தவணை அட்டவணை. பாக்கியை 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல் என்று நான்காகப் பிரியுங்கள். கடைசிக் கட்டத்தில் உள்ளது வருமா என்பதை முதலாளியிடம் பெயர் பெயராகக் கேளுங்கள்.

பிறகு 13 வார ரொக்க அட்டவணை. ஒரு காலாண்டு, வாரத்துக்கு ஒரு பத்தி (நெடுவரிசை). மேலே தொடக்க இருப்பு, அடுத்து வரவுகள், அடுத்து செலவுகள், கீழே முடிவு இருப்பு, அதுவே அடுத்த வாரத்தின் தொடக்கம். எக்செலில் ஒரு மணி நேர வேலை. தவறுகள் நுழையும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு. பில் போட்ட வாரத்திலேயே வரவு எழுதிவிடுவது. கடனின் அசல் தவணையை விட்டுவிடுவது, லாப நட்டக் கணக்கில் வட்டி மட்டுமே வரும், அசல் வராது. அதற்கு நேர்மாறாக, இயந்திரம் பழசாவதற்காக ஏட்டில் கழிக்கும் தேய்மானத்தைச் செலவாக எழுதுவது, அதில் ஒரு காசும் வெளியே போவதில்லை. நான்காவதுதான் அதிகம் வலிப்பது: வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைச் சொந்தப் பணமாக எண்ணுவது. அரசுக்குக் கட்ட வேண்டிய வாரத்தில் அட்டவணை திடீரென்று பள்ளத்தில் விழும். காப்பீடு, உரிமக் கட்டணம் போன்று ஆண்டுக்கு ஒருமுறை வருபவற்றைப் பிடிக்கத்தான் 12 மாத வங்கி அறிக்கை கேட்கச் சொன்னேன்.

ஒவ்வொரு வார முடிவிலும் ஊகத்துக்குப் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். வித்தியாசத்துக்கு ஒரு வரிக் காரணமும் எழுதுங்கள். பழைய ஊகத்தை அழித்துத் திருத்தாதீர்கள், அந்த வித்தியாசங்கள்தான் உங்கள் ஆய்வேட்டின் மையம். எண்களை எங்கே வெளியிடலாம், எவற்றை மாற்றி எழுத வேண்டும் என்று ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் முதலாளியிடமும் வழிகாட்டிப் பேராசிரியரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே கணக்கைத் தொடுங்கள். 13 வாரம் என்பது ஒரு பருவத்தை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடும். அதனால் நிறுவனத்தை விடுமுறையிலேயே பேசி முடித்து, பருவத்தின் முதல் திங்கட்கிழமை முதல் பத்தியை நிரப்பிவிடுங்கள்.