ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாளில் அவ்வளவு வதந்திகள் ஏன் கிளம்பின?

அதிகாரபூர்வத் தகவல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அதனால்தான். 2016 செப்டம்பர் 22 இரவு அப்பல்லோவில் சேர்த்தபோது காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். அடுத்து வந்த அறிக்கைகளிலோ செயற்கைச் சுவாசம், லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பீல், எய்ம்ஸ் குழு! காய்ச்சலுக்கு எதற்கு இத்தனை பேர் என்று டீக்கடையில் கேட்காதவர்கள் குறைவு. அக்டோபரில் இடைத்தேர்தல் வேட்பாளர் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை இருந்தது. சந்தேகம் இன்னும் வலுத்தது.

1984-ல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோதும் வதந்திகள் பறந்தன. ஆனால் அவர் சாப்பிடும் காட்சியைப் படம்பிடித்து ஊர் ஊராகக் காட்டினார்கள். மக்கள் கண்ணால் பார்த்தார்கள். ஜெயலலிதாவின் ஒரு படம்கூட அவர் இறக்கும்வரை வெளிவரவில்லை.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. முதல்வர் செயல்பட முடியாமல் போனால் அதை யார் தீர்மானிப்பது என்று நம் அரசியலமைப்பு சொல்லவில்லை. அக்டோபர் 11 அன்று அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் போயின, முதல்வராக ஜெயலலிதாவே தொடர்ந்தார். முதல்வரின் ஆலோசனைப்படி என்றது ஆளுநர் மாளிகை. அந்த நிலையில் எப்படி ஆலோசனை சொன்னார் என்று கேட்டது நியாயமான கேள்வி. அதை வதந்தியோடு சேர்க்கக் கூடாது. வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைது செய்தது அச்சத்தைக் கூட்டியதே தவிர, தெளிவைத் தரவில்லை.

ஜெயலலிதா மருத்துவமனையில் பழச்சாறு குடிக்கும் காணொளி 2017 டிசம்பர் 20 அன்றுதான் வந்தது. மறுநாள் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்.