கணக்குப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

கேள்வி: கோடிக்கணக்கான பேரின் பாவ புண்ணியத்தை ஒரே சித்திரகுப்தன் எழுதினால் தப்பு வராதா? எமலோகத்தில் தணிக்கை உண்டா? பேசாமல் கேமரா வைத்துவிடலாமே!

பதில்: கேமராவா? நம்ம ஊர்க் கேமரா திருட்டு நடக்கும் அன்றைக்குத்தான் பழுதாகிக் கிடக்கும். அங்கே ஏற்பாடு பலமானது. "நீ யாரோ!" என்று துஷ்யந்தன் கைவிரித்தபோது, மகாபாரதத்துச் சகுந்தலை பட்டியலே போடுகிறாள்: சூரியன், சந்திரன், காற்று, நெருப்பு, வானம், பூமி, நீர், பகல், இரவு, காலை மாலைச் சந்திப்பொழுதுகள் இரண்டு, தருமம், எமன், அவனவன் நெஞ்சு. ஆக 14 சாட்சி. கடைசி சாட்சியின் ஒயரை யாராலும் பிடுங்க முடியாது. கருட புராணத்தில் சிரவணர்கள் என்று ஒற்றர்கள் வேறு. நாலு சுவருக்குள் பேசியதையும் கேட்டுப் போய்ச் சொல்வார்கள். சித்திரகுப்தன் எழுதிக்கொள்வதோடு சரி.

தணிக்கைக்கு மாண்டவ்ய முனிவர் வழக்கைப் பாருங்கள். மௌன விரதத்தில் இருந்தவரின் ஆசிரமத்தில் திருடர்கள் பொருளை ஒளிக்க, அரசன் அவரையும் சேர்த்துக் கழுவேற்றினான். "என்ன பாவம் செய்தேன்?" என்று எமதருமனையே போய்க் கேட்டார். சிறுவயதில் பூச்சியின் வாலில் புல்லைச் செருகினீரே, அதற்குத்தான் என்று பதில் வந்தது. பதிவில் பிழையே இல்லை. தண்டனையின் அளவில்தான் கோளாறு. தும்பி வாலில் நூல் கட்டாத பையன் நம் ஊரில் உண்டா? முனிவர் விட்ட சாபத்தில் நீதிபதி விதுரனாகப் பிறக்க நேர்ந்தது. 14 வயது வரை செய்வது பாவத்தில் சேராது என்று சட்டத்தையும் முனிவரே திருத்திவிட்டார். இதை விட்டுவிட்டு எண்ணெய்க் கொப்பரையையே வர்ணித்துக் குழந்தைகளை மிரட்டும் சொற்பொழிவாளர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய தகராறு உண்டு. அது தீரவில்லை.

வடக்கே காயஸ்தர்கள் என்ற கணக்கெழுதும் மரபினர், தீபாவளி கழிந்த துவிதியையில் (வளர்பிறை இரண்டாம் நாளில்) பேனா, மைக்கூடு வைத்துச் சித்திரகுப்தனைப் பூஜித்து, ஆண்டு வரவு செலவை ஒரு தாளில் எழுதி அவர் முன் வைப்பார்கள். நமக்குக் காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று வீட்டில் ஏடும் எழுத்தாணியுமாகக் கோலம், உப்பில்லாச் சாப்பாடு. பசு வயிற்றில் பிறந்தவர் என்பதால் பசும்பால் கூடாது, எருமைப்பால்தான். எல்லாம் செய்துவிட்டு என்ன வேண்டுகிறோம்? "மலையளவு பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுது." கணக்கைத் தப்பாக எழுதச் சொல்லி விரதம் இருப்பவர்கள் தணிக்கை கேட்கலாமா, ஐயா?