ஈசாக்குக்கு அப்போது எத்தனை வயது?

கேள்வி: எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் வகுப்பு எடுக்கிறேன். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன பாடத்துக்கான படத்தில் ஈசாக்கு சின்னப் பையனாக இருக்கிறான். ஒரு மாணவி, “அக்கா, ஈசாக்குக்கு அப்போ 37 வயசாம், ரெபெக்காளுக்குக் கல்யாணம் ஆனப்போ 3 வயசாம். யூடியூப்ல ஒரு ஐயா சொன்னாங்க” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் கேட்டால், “வேதத்தில் கணக்குப் பார்ப்பது அவிசுவாசம், விட்டுவிடு” என்கிறார் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்தப் பிள்ளையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தை எத்தனை முறை படித்தாலும் ஈசாக்கின் வயது அங்கே கிடைக்காது. விறகைச் சுமக்கிறான், பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று தகப்பனைக் கேட்கிறான். அவனைப் பற்றி நமக்குத் தெரிவது அவ்வளவுதான். உங்கள் படத்தில் இருக்கும் சின்னப் பையனும் ஓவியரின் ஊகம்தான், அந்த ஐயா சொன்ன 37-ம் ஊகம்தான்.

ஆனால் 37 ஒன்றும் வாய்க்கு வந்த எண் அல்ல. ஈசாக்கைப் பெற்றபோது சாராளுக்கு 90 வயது. 23-ஆம் அதிகாரம் அவள் 127 வயதில் எபிரோனில் இறந்ததைச் சொல்லித் தொடங்குகிறது. ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலைச் சம்பவத்தை ஒட்டியே இந்தச் சாவு வருவதால், மகனுக்கு நேரவிருந்ததைக் கேட்ட அதிர்ச்சியில்தான் அவள் உயிர் பிரிந்தது என்று பழைய யூத மரபு இரண்டையும் இணைத்தது. 127-இல் 90 போனால் 37. கழித்தல் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்று வேதம் சொல்லவில்லை. அடுத்தடுத்த அதிகாரங்களில் இருக்கின்றன, அவ்வளவே.

ரெபெக்காளின் 3 வயது இந்த 37-இலிருந்து பிறந்தது. 22-ஆம் அதிகாரத்தின் கடைசியில், தன் சகோதரன் நாகோருக்குப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஆபிரகாமுக்குத் தகவல் வருகிறது. பெத்துவேல் ரெபெக்காளைப் பெற்றான் என்பதும் அதில் ஒரு வரி. அவள் அப்போதுதான் பிறந்தாள் என்று 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெரிய உரையாசிரியர் ராஷி, தமக்கு முந்தைய மரபை ஒட்டி எழுதினார். ஈசாக்கு 40 வயதில் ரெபெக்காளை மணம் முடித்தான் என்று 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. நாற்பதில் முப்பத்தேழு போக மூன்று. முதல் ஊகம் ஆட்டம் கண்டால் இரண்டாவது தானாக விழுந்துவிடும்.

இப்போது 24-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ரெபெக்காள் தோளில் குடத்தோடு வருகிறாள். துரவில் இறங்கி நிரப்பிக்கொண்டு ஏறுகிறாள். ஈசாக்குக்குப் பெண் தேடி வந்த ஆபிரகாமின் ஊழியக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவனுடைய 10 ஒட்டகங்களும் குடித்துத் தீரும்வரை ஓடி ஓடி மொண்டு ஊற்றுகிறாள். நல்ல தாகத்தில் இருக்கும் ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டர்கூடக் குடிக்கும். அதில் பாதியைக் குடித்திருந்தாலும், எத்தனை நடை இறங்கி ஏறியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் வீட்டார் அவளையே அழைத்து, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். “போகிறேன்” என்கிறாள். இதையெல்லாம் செய்தவள் மூன்று வயதுக் குழந்தையா? யூத அறிஞர்களிலேயே சிலர் இதை ஏற்காமல் 14 வயது என்றார்கள். உங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கல்யாணம் நடந்ததாக வேதம் சொல்லவில்லை என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். இதில் மௌனமாக இருப்பது தப்பு.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வேதத்தின் மேல் இருக்கும் மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களும் பக்தர்கள்தான், அதை மறுத்தவர்களும் பக்தர்கள்தான். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், மோரியாவில் ஈசாக்குக்கு 25 வயது என்று எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ரபி (யூத வேத போதகர்) இப்னு எஸ்ரா, 37 என்பதை ஏற்கவில்லை. விவரம் தெரிந்த ஆண்மகன் மனமுவந்து கட்டுண்டு கிடந்திருந்தால், வேதம் தகப்பனோடு சேர்த்து அவனையும் புகழ்ந்திருக்குமே என்று கேட்டார். அதற்காக மிகச் சிறு பிள்ளை என்றும் சொல்ல முடியாது, விறகு சுமக்க வேண்டுமே. ஆகவே ஏறக்குறைய 13 என்றார். எனக்கு அவர் வாதம் பிடித்திருக்கிறது. ஆனாலும் அதுவும் ஊகம்தான்.

அண்ணனிடம் காட்ட ஒரு இடம் சொல்கிறேன். எண்ணாகமம் 1-ஆம் அதிகாரம், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்ட இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதத்தில் தொடங்குகிறது. 9-ஆம் அதிகாரமோ அதே இரண்டாம் வருஷத்தின் முதலாம் மாதத்தில் தொடங்குகிறது. பிந்திய மாதம் முன்னே, முந்திய மாதம் பின்னே. வேதமே தேதி போட்டுச் சொல்வதால் இதில் விவாதத்துக்கே இடமில்லை. அதனால்தான் தோராவில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில், முன்பின் வரிசை கிடையாது என்பதைப் பழைய ரபிகள் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டார்கள். அடுத்த அதிகாரத்தில் வருவது அடுத்து நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது நாமாக எடுத்துக்கொண்டது.

கிறிஸ்தவத் தரப்பில் கேட்டால், ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் பரிசுத்த அகஸ்தீன் இருக்கிறார். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்புப் பிரதிகள் பலவற்றில் உள்ள வயதுகளைக் கூட்டினால், நோவாவின் தாத்தா மெத்தூசலா ஜலப்பிரளயத்துக்குப் பிறகும் 14 வருஷம் உயிரோடு இருந்ததாக வருகிறது. பேழையில் ஏறிய எட்டுப் பேரில் அவர் இல்லையே! அகஸ்தீன் இதை மூடி மறைக்கவில்லை. எபிரெயப் பிரதியின் எண்களோடு ஒப்பிட்டு, பிரதி எடுத்தவர்களின் பிழையாக இருக்கும் என்று வெளிப்படையாக எழுதினார். அவரை அவிசுவாசி என்று அண்ணன் சொல்வாரா?

வகுப்புக்கு இப்படிச் செய்யலாம். படத்தை மாற்ற வேண்டாம். “இதை வரைந்தவர் இப்படி நினைத்திருக்கிறார், வேதத்தில் வயது இல்லை” என்று சொல்லிவிடுங்கள். 22, 23, 24 மூன்று அதிகாரங்களையும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லி, எழுதியிருக்கும் எண்களைப் பலகையின் ஒரு பக்கமும், பெரியவர்கள் கணக்கிட்டுச் சொன்னவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்றே சொல்லலாம். முதலில் கேட்ட அந்தப் பெண்ணையே பலகையில் எழுத அழையுங்கள்.